படி எண்ணுன பெரிய மனுசங்க

ஏலே பேராண்டி, செவுத்துல என்னமோ ஒட்டி வச்சிருக்கியே, ரேசன் கடை இருப்புப் பட்டியலா அது? ஆறு மாசத்துல உக்காரணும், ஒன்பதுல தவழணும், பன்னெண்டுல நிக்கணும்னு கட்டம் கட்டமாப் போட்டு, தினமும் காலையில பென்சிலோட போய் நிக்கிறே. நேத்து ராத்திரி "தாத்தா, இவ இன்னும் ரெண்டு சொல்லைச் சேத்துப் பேசலையே"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே. ஒரு வயசு நாலு மாசத்துப் பிள்ளைடா அது. பட்டிமன்றத்துக்கா அனுப்பப் போறே? உங்கப்பன் கையக் காமிச்சே ரெண்டு வருசம் காரியம் சாதிச்சவன். அப்புறம் வாயத் தொறந்தான். இன்னிக்கு வரைக்கும் மூடலை.

டாக்டர்கிட்டக் காட்ட வேண்டியதைக் காட்டு, நான் குறுக்க நிக்கலை. காது கேக்குதா, கூப்பிட்டாத் திரும்புதா, கண்ணைப் பாக்குதா, இதெல்லாம் பாக்க வேண்டியதுதான். அட்டையக் கிழிக்கவும் சொல்லலை. அந்த அட்டையை மொதமொதக் கட்டம் போட்டவங்க யாரு, எங்க நின்னு போட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பென்சிலத் தூக்கு.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்காதே. உன் வீட்டுக்காரி வாத்தியார் தகுதிக்கான டெட் பரீட்சைக்குப் படிக்குதுல்ல, அந்த மகராசி ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் போட்டுத்தான் படிக்கும். 150 கேள்வியில 30 கேள்வி குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளுமாம். கட்டில்ல கிடந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். விளங்காததைக் கேட்டா, போன்ல தேடி எடுத்து மேல நாலு விசயம் சொல்லும். காலமெல்லாம் ஒண்ணாப்புப் பிள்ளைங்களுக்கு மூக்குச் சிந்தி விட்டவன் நான். அந்தப் பாடத்துல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

கேட்ட வரைக்கும் ஒண்ணு பிடிபட்டுச்சு. மனுசன் படிப்படியாத்தான் வளருறான்னு இந்தப் பெரிய மனுசங்க எல்லாரும் சொல்றாங்க. நாலு படிங்கிறாரு ஒருத்தரு, ஆறுங்கிறாரு இன்னொருத்தரு, எட்டுங்கிறாரு மத்தவரு. பனை ஏறுறவன் மேல பாளையப் பாப்பான், கீழ தரையப் பாப்பான், தன் கால் கவ்வி நிக்கிற இடத்தை மட்டும் பாக்க மாட்டான். இவங்களும் அப்படித்தான். தான் நிக்கிற படியைத் தவிர மத்ததெல்லாம் எண்ணியிருக்காங்க.

வியன்னாவுல ஃபிராய்டுன்னு ஒரு வைத்தியரு. அவரு சொன்ன அஞ்சு கட்டத்துல மொத ரெண்டு எங்கெங்க ஆரம்பிக்குதுன்னு உன் வீட்டுக்காரி சத்தமாப் படிச்சப்போ உங்க ஆச்சி எந்திரிச்சு உள்ள போயிட்டா, அதனால நான் விவரிக்கலை. வயசுக்கு வர்றதோட அவரு கடையச் சாத்திட்டாரு. அப்புறம் மனுசன் அம்பது வருசம் என்ன பண்ணுறான்னா, சின்ன வயசுல பட்ட காயத்தைத் தடவிக்கிட்டு இருக்கானாம்.

1909ல ஹான்ஸ்னு ஒரு அஞ்சு வயசுப் பையன் கதையை எழுதுனாரு. குதிரையக் கண்டாப் பயம், தெருவுக்கே வர மாட்டான். வண்டி இழுத்த குதிரை ஒண்ணு நடுத்தெருவுல விழுந்து காலை உதைச்சதைக் கண்ணால பாத்திருக்கான். எனக்கும் உனக்கும் அது போதும், பயம் வர்றதுக்கு. ஃபிராய்டுக்குப் போதலை. அப்பன் மேல உள்ள பயம்தான் குதிரை வேசம் கட்டி வந்திருக்குன்னு தீர்ப்பு. பையனை அந்த வைத்தியத்துக்குன்னு எத்தனை தடவை பாத்தாரு? ஒரே தடவை. மிச்சமெல்லாம் அப்பன்காரன் எழுதி அனுப்புன குறிப்பு. எந்த அப்பன்? எவனைக் கண்டு பையன் பயப்படுறான்னு சொல்றாங்களோ, அதே அப்பன். அவனே குத்தவாளி, அவனே சாட்சி, அவனே ஏட்டு.

1922ல அந்தப் பையன் இளவட்டமா வளந்து ஃபிராய்டு முன்னால வந்து நின்னானாம். அந்தக் கதையைப் படிச்சேன், எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலைன்னானாம். அதையும் ஃபிராய்டு மறைக்காம எழுதி வச்சிருக்காரு. அந்த மட்டுக்கு யோக்கியமான ஆளு.

அமெரிக்காவுல வாட்சன் இன்னொரு தினுசு. பச்சப்பிள்ளை வெறும் களிமண்ணு, எப்படிப் பிடிச்சாலும் வரும்ங்கிற கட்சி. பதினோரு மாசத்துப் பிள்ளைக்கு முன்னால ஒரு வெள்ளெலிய விட்டு, அது தொடப் போற நேரம் பாத்துப் பின்னால இரும்புக் கம்பிய சுத்தியலால ஓங்கி அடிச்சாரு. ஏழெட்டுத் தடவையில பிள்ளை எலியக் கண்டாலே அலறுச்சு. 1920ல இதைப் பெருமையா அச்சுல போட்டாரு. பயத்தைப் போக்கி விட்டாரான்னு கேளு, இல்லை. அதே வருசம் வேற ஒரு வீட்டு விவகாரத்துல பல்கலைக்கழகத்து வேலை போய், விளம்பரக் கம்பெனிக்குப் போயிட்டாரு. அங்க இருந்துக்கிட்டே 1928ல பிள்ளை வளர்ப்புப் புத்தகம். பிள்ளையக் கட்டிப் பிடிக்காதே, முத்தம் கொடுக்காதே, மடியில உக்கார வைக்காதே, காலையில எந்திரிச்சதும் கை குலுக்கு! உங்க ஆச்சிகிட்டச் சொன்னேன். "வந்து என் கையக் குலுக்கச் சொல்லுங்க"ன்னா. உலக்கை அவ பக்கத்துலதான் சாஞ்சு கிடந்துச்சு. அந்தப் புத்தகத்தை யாருக்குச் சமர்ப்பணம் பண்ணுனாரு தெரியுமா? சந்தோசமான பிள்ளைய வளக்கப்போற மொதத் தாய்க்காம். அதுவரைக்கும் ஒருத்தியும் வளக்கலையாம்.

பியாஜேயை மட்டும் நான் லேசுல விட மாட்டேன், ஏன்னா அந்த மனுசன் குனிஞ்சு பாத்தவரு. சுவிட்சர்லாந்துக்காரரு. பத்து வயசுல பூங்காவுல வெள்ளை பாஞ்ச சிட்டுக்குருவி ஒண்ணைப் பாத்துட்டு, ஒரு பக்கம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பி, 1907ல அதை அச்சுலயும் பாத்துட்டாரு. அப்புறம் நத்தை, கிளிஞ்சல்னு கொஞ்ச காலம். பிறகு பாரிசுல, பிள்ளைங்களுக்கு அறிவுச் சோதனை வைக்கிற வேலை. மத்தவங்க சரியான விடைய எண்ணி மார்க்குப் போட, இவரு தப்பு விடையப் பொறுக்க ஆரம்பிச்சாரு. ஒரே வயசுப் பிள்ளைங்க ஒரே மாதிரித் தப்புப் பண்ணுதேன்னு உக்காந்து யோசிச்சாரு. அந்த ஒரு காரியத்துக்கே அவருக்கு மால போடலாம். பிள்ளை முட்டாள் இல்லை, அதுக்கு வேற கணக்கு ஓடுதுன்னு கண்டுபிடிச்ச இடம் அது.

அப்புறம் கல்யாணம். 1925ல ஒரு பொண்ணு, 1927ல ஒரு பொண்ணு, 1931ல ஒரு பையன். மூணையும் புருசனும் பொஞ்சாதியும் மாத்தி மாத்திக் குறிப்பெடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் உலகத்துல பி.எட். படிக்கிற அத்தனை பேரும் மனப்பாடம் பண்ணுற பாடத்துக்கு அந்த மூணு பிள்ளைங்கதான் அஸ்திவாரம்.

ரெண்டாவது பொண்ணு லூசியெனுக்கு உன் மக வயசுதான், ஒரு வயசு நாலு மாசம். அப்பன்காரன் கடிகாரச் சங்கிலிய ஒரு காலித் தீப்பெட்டிக்குள்ள போட்டு, பெட்டிய ஏறக்குறைய மூடி, நூல் கணக்கா மூணு மில்லிமீட்டர் மட்டும் சந்து விட்டுக் கையில கொடுத்தாரு. தீப்பெட்டி எப்படித் தொறக்கும், எப்படி மூடும்னு அதுக்குத் தெரியாது. சந்துக்குள்ள விரலை விட்டுப் பாத்துச்சு, போகலை. அப்புறம் சும்மா இருந்துச்சு. சந்தை உத்துப் பாத்துச்சு. பாத்துக்கிட்டே தன் வாயைக் கொஞ்சமாத் தொறந்து மூடுச்சு. திரும்பத் தொறந்துச்சு, இந்தத் தடவை இன்னும் பெரிசா. அதுக்கு அடுத்து இன்னும் அகலமா. பிறகு தயக்கமே இல்லாமச் சந்துல விரலை வச்சு இழுத்துச்சு பாரு, பெட்டி தொறந்துருச்சு, சங்கிலியும் கைக்கு வந்துருச்சு.

வார்த்தை இல்லாத பிள்ளை, "இந்தச் சந்து பெரிசாகணும்"ங்கிற நெனப்பை வாயை வச்சு நெனச்சிருக்கு. அதைப் பாக்க ஒரு மனுசன் அந்த நேரத்துல அந்த இடத்துல அசையாம உக்காந்திருந்தான்ல, அதுதான் எனக்கு ஆச்சரியம். உன் அட்டையில "தீப்பெட்டியப் பாத்து வாயத் தொறக்கும்"னு ஒரு கட்டம் இருக்கா? நேத்து உன் மக என் வெத்தலைப் பெட்டி முன்னால கால் மணி நேரம் உக்காந்திருந்தா. நீ அந்தக் கால் மணி நேரமும் போன்ல, பதினாறு மாசத்துப் பிள்ளை எத்தனை சொல் பேசணும்னு தேடிக்கிட்டு இருந்தே.

இப்ப பியாஜே சறுக்குன இடத்துக்கு வர்றேன். ஏழு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை முன்னால பொத்தான்களை ரெண்டு வரிசையாச் சமமா அடுக்கி, "எதுல அதிகம்?"னு கேட்டா "ரெண்டும் ஒண்ணு"ங்குமாம். ஒரு வரிசையக் கொஞ்சம் இழுத்து நீட்டி விட்டுட்டுத் திரும்பக் கேட்டா "நீளமா இருக்கிறதுல அதிகம்"னுருமாம். ஆகவே, அளவு மாறாதுங்கிற புத்தி அந்த வயசுக்கு இன்னும் வரலைன்னு எழுதிட்டாரு.

1974 வாக்குல ஸ்காட்லாந்துல மெகாரிகிள், மார்கரெட் டொனால்ட்சன்னு ரெண்டு பேரு அதையே கொஞ்சம் மாத்திச் செஞ்சு பாத்தாங்க. நாலுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் 80 பிள்ளைங்க. இந்தத் தடவை வரிசையக் கலைச்சது பெரியவங்க இல்லை. ஒரு பொம்மைக் கரடி. பெட்டியில இருந்து தாவி வந்து, சேட்டை பண்ணி, வரிசையக் கலைச்சுட்டு ஓடிருது. "அடடா, கரடி கெடுத்துருச்சே, இப்ப எதுல அதிகம்?"னு கேட்டா, பாதிக்கு மேல பிள்ளைங்க "ரெண்டும் ஒண்ணுதான்"னு சரியாச் சொல்லுது. பெரியவங்களே கலைச்சுட்டுக் கேட்டப்போ ஆறுல ஒரு பிள்ளைகூடச் சரியாச் சொல்லலை.

ஒண்ணாப்பு வாத்தியாரைக் கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பேன். பெரியவன் ஒருத்தன் வேணும்னே எதையோ மாத்திட்டு, அதே கேள்வியத் திரும்பக் கேட்டா என்ன அர்த்தம்? விடைய மாத்துங்கிறான்னு அர்த்தம். "நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னு நான் சொன்ன மறுநிமிசம், சரியாச் சொன்ன பயலும் மாத்திருவான். பிள்ளைக்குக் கணக்கும் தெரியும், வாத்தியார் மூஞ்சியும் தெரியும். ரெண்டுல எதை நம்பணும்னும் தெரியும். பியாஜே பிள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பிள்ளை பியாஜேயப் பாத்துக்கிட்டு இருந்ததை அவரு பாக்கலை.

அதைப் பாத்தவரு ரஷ்யாக்காரரு வைகாட்ஸ்கி. ரெண்டு பேரும் பொறந்தது ஒரே வருசம், 1896. பியாஜே 84 வயசு இருந்தாரு. இவரு 37 வயசுல காசநோய்ல போயிட்டாரு. போன பிறகு அவரு எழுத்தை அவரு நாட்டுலயே இருபது வருசம் அமுக்கி வச்சுட்டாங்க. பிள்ளை தனியா எட்டுறது ஒரு தூரம், பக்கத்துல ஒரு ஆளு கைகொடுத்தா எட்டுறது இன்னொரு தூரம்னாரு. படத்துல பெரியவனையும் சேத்து வரைஞ்சவரு. மனுசன் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம்.

ஒழுக்கத்துக்குப் படி எண்ணுன கோல்பர்க்கையும் விடக் கூடாது. சிகாகோவுல 72 பசங்களை வச்சு 1958ல ஆராய்ச்சிப் பட்டம் வாங்குனாரு. அவரு கேக்கிற கதை இது. ஹைன்ஸ்னு ஒருத்தன், பொஞ்சாதி சாகக் கிடக்கா. மருந்துக்காரன் 200 டாலர் செலவுல செஞ்ச மருந்துக்கு 2000 கேக்கிறான். இவன்கிட்ட 1000தான் சேந்துச்சு. திருடலாமா, கூடாதா? பையன்மார் எல்லாம் வக்கீல் கணக்கா வாதாடுனாங்க. உயிர் பெருசா சொத்து பெருசான்னு பேசுனவனுக்கு மேல் படி. 72 பேரும் ஆம்பளைப் பிள்ளைங்க, அதைக் கவனிச்சுக்க.

அவருகூடவே வேலை பாத்த கில்லிகன்ங்கிற அம்மா 1982ல ஒரு புத்தகம் போட்டாங்க. அதுல பதினோரு வயசுப் பொண்ணு ஒண்ணு. திருடவும் வேண்டாம், சாக விடவும் வேண்டாம், மருந்துக்காரன்கிட்ட உக்காந்து பேசுனா என்ன, கடன் கேட்டா என்ன, திருடி ஜெயிலுக்குப் போயிட்டா அந்தப் பொம்பளைக்கு அடுத்த தடவை முடியாமப் போறப்ப யாரு பாப்பான்னு கேட்டுச்சு. கோல்பர்க் கணக்குப்படி அதே வயசுப் பையனைவிட அந்தப் பொண்ணுக்கு ஒரு படி கீழ. நம்ம ஊருல பஞ்சாயத்துத் தலைவரா உக்கார வைக்க வேண்டிய பிள்ளைய ஃபெயிலாக்கிட்டாங்க பாத்தியா! ஏணி போட்டவரு ஆம்பளைங்கிறது ஏணிக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியலை.

வெளிநாட்டுக்காரனை மட்டும் வாரிட்டு நம்மளை விட்டுட்டா நியாயமில்லை. பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவம் வச்சிருக்காங்க நம்ம புலவருங்க. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூணித் தலைய நிமித்தி ஆடுறதைச் செங்கீரைன்னு தனியாப் பிரிச்சு வச்சவன் பிள்ளைய நல்லாத்தான் பாத்திருக்கான். கை கொட்டுறதுக்குச் சப்பாணின்னு இன்னொண்ணு. ஆனா பொம்பளைக்கு வச்ச ஏழு பருவத்தைப் பாரு. பேதையில ஆரம்பிச்சுப் பேரிளம்பெண்ல நிக்குது. நாப்பதோட சரி. அதுக்கு மேல அந்த அம்மா என்ன ஆனாங்கன்னு எழுத ஒருத்தனுக்கும் கை வரலை. உலாவுக்கு வர்ற ராசாவைப் பாத்து மயங்குறதுக்குத்தானே அவங்களை வரிசையா நிறுத்துனது. மயங்குறதை நிறுத்துன பொம்பளைய வச்சு என்ன பண்ணுறதுன்னு புலவருக்குத் தெரியலை போல.

லண்டன் போல்பி விசயம் கொஞ்சம் நுணுக்கமானது. தாயைப் பிரிஞ்ச பிள்ளைக்கு என்ன ஆகும்னு உலக சுகாதார நிறுவனத்துக்கு 1951ல அறிக்கை எழுதிக் கொடுத்தாரு. அந்த நாள்ல ஆசுபத்திரியில சேத்த பிள்ளையப் பெத்தவ பாக்க விடமாட்டாங்க. அதெல்லாம் மாறுறதுக்கு அவரு ஒரு காரணம், அந்தப் புண்ணியம் பெருசு. அவரு வளந்தது பெரிய இடத்துல. பெத்தவளைப் பாக்கிறது சாயந்தரத் தேத்தண்ணிக்குப் பின்னாடி ஒரு மணி நேரம். வளத்தது ஆயாமாருங்க. உசுரா இருந்த ஆயா ஒருத்தி அவருக்கு நாலு வயசு ஆகுற சமயத்துல வேலையவிட்டுப் போயிட்டா. வலி தெரிஞ்சவரு எழுதுனதுதான், ஆனா எழுதுறப்போ "தாய்"னு எழுதிட்டாரு. அதைப் பிடிச்சுக்கிட்டு, வேலைக்குப் போற தாய்மாரை எல்லாம் ஊரு வஞ்சுச்சு. அவரு ஏங்குனது பெத்தவளுக்கா, ஆயாவுக்காங்கிறதை ஒருத்தனும் கேக்கலை.

அவருகூட இருந்த மேரி எய்ன்ஸ்வொர்த், 1954ல உகாண்டாவுக்குப் போய் கிராமத்து வீடு வீடா உக்காந்து தாயும் பிள்ளையும் இருக்கிறதைப் பாத்தாங்க. எனக்குப் பிடிச்ச வேலை அது. பின்னால அமெரிக்காவுல அதையே இருபது நிமிசச் சோதனையாச் சுருக்கிட்டாங்க. தெரியாத ரூம், தாய் எந்திரிச்சுப் போறா, தெரியாத பொம்பளை வர்றா, தாய் திரும்ப வந்தாப் பிள்ளை என்ன செய்யுதுன்னு குறிப்பு. ஜெர்மனியில பீலஃபெல்டுங்கிற ஊருல செஞ்சாங்க, ஏறக்குறைய பாதிப் பிள்ளைங்க தாய் வந்ததையே சட்டை பண்ணலை. ஜப்பான்ல சப்போரோவுல செஞ்சாங்க, நெறையப் பிள்ளைங்க கத்துன கத்துல சமாதானம் பண்ணவே முடியலை. அங்க பிள்ளைய ஒரு நிமிசம் கீழ விட மாட்டாங்களாம். ஜெர்மனியில சீக்கிரமே தன் காலுல நிக்கப் பழக்குவாங்களாம். நம்ம வீட்டுப் பிள்ளையக் கொண்டுபோய் அந்த ரூம்ல விட்டுப் பாரு. நீ கதவைத் தாண்டுறதுக்குள்ள பக்கத்துத் தெரு நாயெல்லாம் குலைக்கும். அந்த அம்மா "பதற்றப் பிணைப்பு"ன்னு டிக் அடிப்பாங்க. பிள்ளைக்குப் பதற்றம் ஒண்ணும் இல்லை. ஆச்சி இடுப்பு எங்க போச்சுங்கிறதுதான் அதோட ஒரே கேள்வி.

எல்லாத்துக்கும் மேல எரிக்சன். காந்தியப் பத்திப் புத்தகம் எழுதுனாரே, அதே ஆளு. 1902ல பிராங்க்பர்ட்டுல பொறந்தவரு. பெத்த அப்பன் யாருன்னு சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது. மாற்றப்பன் பேரோட வளந்தாரு. அமெரிக்கா போய் 1939ல குடியுரிமை வாங்குறப்போ, "எரிக்கோட மகன்"னு பொருள்படப் பேரை மாத்திக்கிட்டாரு. அதாவது தனக்குத் தானே அப்பன். அப்பேர்ப்பட்டவரு போட்ட அஞ்சாவது படி என்ன? "நான் யாரு"ங்கிற குழப்பம். தன் காலுல தச்ச முள்ளை அவரு சரியாத்தான் பாத்திருக்காரு, அந்த ஒருத்தரை நான் ஒத்துக்கிறேன்.

ஆனா அவரும் சறுக்குனாரு. புருசனும் பொஞ்சாதி ஜோனும் கலிபோர்னியாவுல உக்காந்து ஏழு படி போட்டாங்க. ஷேக்ஸ்பியர் சொன்ன ஏழு பருவத்தைப் பத்திப் பேசிக்கிட்டே ரெண்டு பேரும் கார்ல ரயிலடிக்குப் போறப்பதான் ஒரு ஓட்டை தெரிஞ்சுச்சாம். காதல், கல்யாணம் ஆன கையோட கிழடு வந்துருது. நடுவுல ஆளைக் காணோம். யாரைக் காணோம்? அவங்களைத்தான். நாப்பதுகள்ல நிக்கிற, வீட்டுல பிள்ளை வளத்துக்கிட்டிருக்கிற புருசன் பொஞ்சாதி, தங்களையே சேக்க மறந்துட்டாங்க. அப்புறம்தான் அடுத்த தலைமுறைய ஆளாக்குறதா, தேங்கிக் கிடக்கிறதாங்கிற படிய நடுவுல செருகி, எட்டாக்கி 1950ல புத்தகத்துல போட்டாங்க. ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. இவங்க ஊரான் பிள்ளைய எழுதி வளத்தவங்க, தன் வீட்டுப் படி விட்டுப் போச்சு.

ஒண்ணு மட்டும் கேலி பண்ணாமச் சொல்றேன். 1944ல அவங்களுக்கு இன்னொரு மகன் பொறந்தான், டவுன் சிண்ட்ரோமோட. அவனை விடுதியில விட்டுட்டாங்க. பொறந்தப்பவே போயிட்டான்னு வீட்டுப் பிள்ளைங்ககிட்டச் சொல்லப்பட்டுச்சு. அந்தக் காலத்து டாக்டருங்களும் அப்படித்தான் யோசனை சொல்லுவாங்க, அதனால அவங்களை நான் வைய மாட்டேன். ஆனா உலகத்துக்கே கட்டம் போட்டுக் கொடுத்த வீட்டுல, எந்தக் கட்டத்துலயும் வைக்கத் தெரியாத ஒரு பிள்ளை இருந்திருக்கான். நீ பென்சிலோட நிக்கிறப்போ எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வருது.

எட்டாம் படி எங்க மாதிரிக் கிழடுகளுக்கு. வாழ்ந்ததைத் திரும்பிப் பாத்து நிறைஞ்சு போறதா, நொந்து போறதா? நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுதுறப்போ அவருக்கு வயசு 48. நாப்பத்தெட்டுல உக்காந்துக்கிட்டு எண்பத்தாறைப் பத்தி எழுதுனா எப்படி இருக்கும்? கிழவன் திண்ணையில உக்காந்து ஞானமாச் சிரிக்கிறான்னுதான் இருக்கும். பல்லு இல்லாதவன் சிரிச்சா ஞானமாத்தான்டா தெரியும்.

ஜோன் கிழவிதான் கடைசியில உண்மையச் சொன்னா. எரிக்சன் 1994ல போயிட்டாரு. இவளுக்கும் தொண்ணூறு தாண்டிருச்சு. புருசன் எழுதுன புத்தகத்தைத் தூசி தட்டி, இது பத்தாதுன்னு ஒன்பதாம் படி ஒண்ணைச் சேத்து 1997ல வெளியிட்டா. அதே வருசம் தானும் போயிட்டா. என்ன எழுதுனா தெரியுமா? தொண்ணூறு வயசுல முந்தி ஏறுன எட்டுப் படியும் திரும்பி வருது, தலைகீழா வருதுன்னு எழுதுனா. பால்குடிக்கு மொதப் படி நம்பிக்கை, அப்புறம்தான் சந்தேகம். கிழடுக்குச் சந்தேகம் முந்திக்கும்.

சத்தியமான வார்த்தை. ராத்திரி எந்திரிச்சுக் கொல்லைக்குப் போறப்போ என் காலை நான் நம்புறதில்லை, செவுத்தைத்தான் நம்புறேன். வேட்டி நனைஞ்சிருச்சோங்கிற வெக்கம் உன் மகளுக்கு இன்னும் வரலை, எனக்கு வந்துருச்சு. நீ யாருன்னு பதினெட்டு வயசுப் பயலைக் கேப்பாங்க. என்னை வருசா வருசம் பென்சன் ஆபீசுல கேக்கிறாங்க, நான் உயிரோடதான் இருக்கேன்னு விரல் ரேகை வச்சு நிரூபிக்கணும். ரேகை தேஞ்சு போச்சு, மிசின் "இல்லை"ங்குது. அந்தத் தம்பி மிசினைப் பாக்கிறான், என்னைப் பாக்கிறான், மிசினைத்தான் நம்புறான். கட்டம் போட்டவங்க எல்லாரையும் மன்னிச்சுருவேன், அந்தத் தம்பி ஒருத்தனைத் தவிர.

ஆக, செவுத்துல உள்ள அட்டைய எடுத்துக்கிட்டு வா. உன் மக பேருக்குக் கீழ இன்னும் மூணு வரிசை கோடு போடு. ஒண்ணுல உன் பேரை எழுது. முப்பத்தி ரெண்டு வயசு, அடுத்த தலைமுறைய ஆளாக்குறானா, தேங்கிக் கிடக்கிறானா, போன் கையில எத்தனை மணி நேரம்? அந்த டிக்க நீ அடிக்காதே, உன் வீட்டுக்காரி அடிக்கட்டும். இன்னொண்ணுல அவ பேரு. பகலெல்லாம் மகளைச் சுமந்து, ராத்திரி பரீட்சைக்குப் படிக்கிறவளுக்கு எந்தப் புத்தகத்துல படி போட்டிருக்குன்னு தேடு. கிடைக்கலைன்னா அந்த நேரத்துக்குப் பிள்ளைய நீ தூக்கிக்க. மூணாவது உங்க ஆச்சிக்கு. அவளுக்கு எந்தக் கட்டமும் போட வேண்டாம், எழுதுறவன் பொழைக்க மாட்டான்.

அப்புறம், பரீட்சைக்குப் போறவகிட்ட ஒண்ணு மறக்காமச் சொல்லிரு. பியாஜேவுக்கு எத்தனைன்னு கேட்டா நாலு. கோல்பர்க்குக்கு ஆறு. எரிக்சனுக்கு எத்தனைன்னு கேட்டா எட்டுங்கிற வட்டத்தைத்தான் கருப்பாக்கணும். தாத்தா பேச்சைக் கேட்டு ஒன்பதுன்னு குத்திட்டு வந்துறப் போகுது, மார்க்குப் போயிரும். நான் ஒன்பதுல உக்காந்திருக்கிற விசயம் விடைத்தாள் திருத்துற மிசினுக்கும் தெரியாது.